பலாலியில் ஏறுவதா, கட்டுநாயக்காவுக்கு ஓடுவதா?

கேள்வி: அம்மாவைக் கண் வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை 355 கிலோமீற்றர், கொழும்புக்குக் கிட்ட இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து 644 என்று இணையத்தில் கிடக்கிறது. ஆனால் பறக்கும் நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே, எப்படி? எங்கே ஏறுவது நல்லது?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தூரம் சரிதான் தங்கச்சி, பிள்ளைகளின் புவியியல் புத்தகத்தை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். பலாலி வடக்கு 9 பாகை 47 கலை, சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 12 பாகை 59 கலை, இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் கிடக்கின்றன. வித்தியாசம் 3.2 பாகை, பாகைக்கு 111 கிலோமீற்றர், பெருக்கினால் 355. கட்டுநாயக்கா 7 பாகை 11 கலையில் இருப்பதால் 644 வருகிறது.

நேரம் ஒன்றாக வருவதற்குக் காரணம் பிளேன். பலாலி ஓடுபாதை பெரிய ஜெட்டுகளுக்குப் போதாது, அங்கே வருவது ஏடிஆர் 72 என்ற காற்றாடி வைத்த சின்ன விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். கொழும்பு ஜெட் 800ஐத் தொடும். ஆகவே இரண்டும் முக்கால் மணி நேரக் கணக்குத்தான், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ரிக்கற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது தரைவழியை. புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன், ஆனையிறவு, யாழ்ப்பாணம் என்று பலாலி 110 கிலோமீற்றர் அளவில் வரும், விடியப் புறப்பட்டால் போதும். கட்டுநாயக்காவுக்கு மாங்குளம், வவுனியா, அநுராதபுரம், புத்தளம் என்று 300க்கு மேல். 2018இல் என் அம்மாவை அப்படித்தான் கிளிநொச்சியிலிருந்து இரவு வான் வண்டியில் கொண்டுபோனேன், அப்போது பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேன் இல்லை. விடியப்புறம் இறக்கும்போது இரண்டு காலும் வீங்கி, செருப்புக்குள் பாதம் போகவில்லை, கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உள்ளே போனா. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காது. அம்மாவைப் பலாலியால் கூட்டிப்போங்கள்.

ஒன்று, பலாலியில் சேவைகள் குறைவு, ஒன்று தவறினால் அடுத்தது உடனே கிடைக்காது. ஆகவே முதல் நாளே நேரத்தை உறுதிப்படுத்துங்கள், வைத்தியரைச் சந்திப்பதை மறுநாளுக்கு வையுங்கள். பொதி எத்தனை கிலோ என்பதையும் ரிக்கற்றில் பாருங்கள்.

கேள்வி: திருச்சி இன்னும் கிட்டவா?
- வாசகர், மாங்குளம்

பதில்: ஓம், பலாலியிலிருந்து நேர்கோட்டில் 180 கிலோமீற்றர் அளவுதான். மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்கள் சென்னையில் இறங்கித் திரும்பத் தெற்கே வருவது வீண் அலைச்சல்.

கேள்வி: இந்தியாவில் இறங்கினால் மணிக்கூட்டை மாற்ற வேண்டுமா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். உங்களுக்கு இந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்று விளங்குகிறது. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது, சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டினால் அரை மணி மாறும். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது.