சுரைப் பிஞ்சும் நிற்கவில்லை, வீட்டில் சண்டையும் ஓயவில்லை

கேள்வி: ஆடியில் கொல்லைப்புறத்தில் சுரையும் கத்திரியும் போட்டோம். காலையில் மாமியார் தண்ணீர் விடுகிறார், சாயங்காலம் கணவர் விடுகிறார், மாமனார் அவ்வப்போது ஒரு கைப்பிடி யூரியா வைக்கிறார். சுரைக்கொடி பந்தலை மூடிவிட்டது, ஆனால் பிஞ்செல்லாம் வெம்பி விழுகிறது. கத்திரி இலை மஞ்சளாகிறது. 12 வயதுப் பையன் முதல் மாதம் ஓடி ஓடிச் செய்தான், இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. யாரால் கெட்டது என்று தினமும் பேச்சு. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முதலில் கத்திரியைப் பாருங்கள், அதுதான் அவசரம். செடிக்கு அரை அடி தள்ளி, ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உங்கள் பக்கத்துக் களிமண் ஈரத்தை விடாது. இரண்டு வேளையும் விட்டால் வேருக்குக் காற்றே கிடைக்காது, அடி இலையிலிருந்து மஞ்சளாகும். மண் ஈரமாக இருந்தும் மதியம் செடி துவண்டால் வேர் அழுக ஆரம்பித்திருக்கலாம். இரண்டு மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி, மேல்மண்ணைக் களைக்கொத்தால் லேசாகக் கிளறிவிடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இரண்டு பக்கமும் மண்ணை அணைத்து, பாத்தியை அரை அடி உயர்த்தி, தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் கீறிவிட வேண்டும்.

மாமியார், கணவர் இருவரில் யாராவது ஒருவர் மட்டும் தண்ணீர் விடட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவர் விட்டால், மற்றவர் விட்டாரா என்பது இருவருக்குமே தெரியாது.

சுரைக்கு வருவோம். யூரியா இலையைத்தான் வளர்க்கும். வயலில் நெல்லுக்கு வீசிப் பழகிய கைக்கு ஒரு கைப்பிடி கொஞ்சமாகத்தான் தெரியும். ஒற்றைக் கொடியின் வேரில் வைத்தால் அது மிக அதிகம். மாமனாரிடம் "போடாதீங்க" என்று நிறுத்திவிடாமல், 15 நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும்.

பிஞ்சு வெம்புவதற்குப் பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ மெல்லிய நீளக் காம்பில் நிற்கும். பெண் பூவுக்கு அடியில், பூனை ரோமம் போல மெத்தென்று, விரல் நுனி அளவுக்கு ஒரு குட்டிச் சுரைக்காய் இருக்கும். இந்த வெள்ளைப் பூ மலர்வதே சாயங்காலம். பகலில் வரும் தேனீயால் இதற்குப் பெரிய பயனில்லை, அந்திப்பூச்சிகள் வர வேண்டும். அவை குறைந்த இடத்தில் நாம்தான் கை கொடுக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் பையன் வேண்டும். இருட்டத் தொடங்கும்போது டார்ச்சோடு அனுப்புங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்கு வரும். மழை தூறினால் அன்று விட்டுவிடலாம். தொட்ட பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டச் சொல்லுங்கள். சேர்ந்திருந்தால் மூன்றாம் நாள் பிஞ்சு பருத்துத் தெரியும், சேராதது மஞ்சளாகிச் சுருங்கும். நூல் கட்டிய காய் தன்னுடையது என்று தெரிந்தபின் பிள்ளைகள் அதைத் தேடிப் போவார்கள். களை பிடுங்குவதை மட்டும் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும்.

விழுந்த பிஞ்சில் ஊசி குத்திய புள்ளியும் பிசினும் இருந்தால், அது பழ ஈயின் வேலை. அவற்றைப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி நாலைந்து நாள் வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் புழு அங்கிருந்தே ஈயாகக் கிளம்பும். நின்ற பிஞ்சுகளுக்குப் பழைய வேட்டித்துணியில் உறை கட்டலாம்.

சுரை காய்க்க இரண்டு மாதம் ஆகும், பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பையனுக்கென்று 4 அடிக்கு 3 அடி பாத்தி ஒதுக்கிச் சிறுகீரை போடுங்கள். ஒரு ஸ்பூன் விதையை ஒரு கை மணலில் கலந்து தூவினால் கொத்தாக விழாது. நாலு வாரத்துக்குள் பிடுங்கலாம். எறும்பு விதையை இழுத்துப்போனால் ஓரத்தில் கொஞ்சம் அரிசிக் குருணை போடுங்கள், அதைத் தூக்கப் போய்விடும்.

காய்ப்பு ஓயும் சமயம் நல்ல காய் ஒன்றை விதைக்கு விடுவதாக இருந்தால், அதை மாமனாரே தேர்ந்தெடுக்கட்டும். முன்னாலேயே விட்டால் கொடி அடுத்த பிஞ்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்போது பறித்து வையுங்கள்.