மூன்று வாரம் மண்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த பருவத்தில் விருப்பப் பாடமாகத் தொல்லியல் அறிமுகம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதை நடத்தும் பேராசிரியரைப் பற்றி ஏற்கெனவே படித்து முடித்தவர்களிடம் கேட்டேன். கிடைத்த பதில்களை அப்படியே தருகிறேன்.

“கதை சொல்ல ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.” “மூன்று வாரம் மண்ணைப் பற்றியே பேசினார். புதையலும் இல்லை, பிரமிடும் இல்லை.” “ஸ்லைடில் இல்லாததைப் பரீட்சையில் கேட்கிறார்.” “படம் அழகாகத்தான் வரைந்திருந்தேன். பத்துக்கு நாலு போட்டார், ஏன் என்று ஒரு வரி எழுதவில்லை.” “அட்டென்டன்ஸில் ரொம்பக் கறார்.” “சுலபமாக மார்க் வாங்கலாம் என்றார்கள், நம்பி ஏமாந்தேன்.”

எல்லோரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? வரலாற்றில் ஆர்வம் உண்டு. சராசரி மதிப்பெண் விழுந்துவிடுமோ என்ற பயமும் உண்டு.

ச.

அன்புள்ள ச.,

ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்த ஆறு வரிகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அவர் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறார், திருத்திக் கொடுப்பதில் கோட்டை விடுகிறார். உங்களுக்கு வந்த புகார்களில் பாதி, என் கண்ணுக்குப் பாராட்டாகவே படுகிறது.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். அறிமுக வகுப்புக்கு வருகிறவர்கள் பொருளைப் பார்க்கும் ஆசையில் வருகிறார்கள். தொல்லியலோ அந்தப் பொருள் கிடந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. எதன் மேல், எதன் கீழ், எதனோடு கிடந்தது என்பது பதிவாகாமல் எடுத்த தங்கக் காசைவிட, அது பதிவான உடைந்த பானை ஓடு அதிகம் சொல்லும். கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது என்ற விதியை டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669இலேயே எழுதிவிட்டார். அதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். மீதி மூன்று வாரமும் அந்த விதி எங்கெல்லாம் காலை வாரும் என்று காட்டுவதற்கு.

வகுப்பில் வழக்கமாகத் தரும் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெட்டுமுகத்தில், அதாவது தோண்டிய இடத்தின் செங்குத்துப் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஐந்து அடுக்குகள். மூன்றாவது அடுக்கு தரையாக இருந்த காலத்தில் யாரோ ஒரு குழி தோண்டியிருக்கிறார்கள். அது நான்காவது அடுக்கைத் துளைத்து ஐந்தாவதன் பாதிவரை இறங்குகிறது. குழி நிரம்பியபின் அதன் மேல் இரண்டாவது அடுக்கு படிந்திருக்கிறது. குழியின் அடியில் ஒரு காசு. ஆழத்தை மட்டும் அளந்தால் காசு ஐந்தாவது அடுக்கின் மட்டத்தில் இருக்கும். புதிதாக வருகிறவர் தயங்காமல் “ஐந்தாம் அடுக்கின் காலம்” என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்தக் காசு குழியை நிரப்பிய மண்ணைச் சேர்ந்தது. அந்த மண் ஐந்து, நான்கு, மூன்று எல்லாவற்றுக்கும் பிந்தியது, இரண்டுக்கு முந்தியது. காசு அச்சான ஆண்டு தெரிந்தாலும் குழியின் ஆண்டு தெரிந்துவிடாது. அந்த ஆண்டுக்கு முன் குழி நிரம்பியிருக்க முடியாது என்பது மட்டும்தான் கிடைக்கும். அந்தக் காசு நூறு வருஷம் கைமாறிவிட்டுக்கூட விழுந்திருக்கலாம். இதோடு எலி வளை, மரவேர், மண்புழு எல்லாம் சேர்ந்துகொண்டு சின்னப் பொருள்களை மேலும் கீழும் நகர்த்திவிடும்.

இதைத் தாளில் ஒழுங்குபடுத்தத்தான் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த கட்டப்படம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு கட்டம். முந்தியது கீழே, பிந்தியது மேலே, நடுவில் கோடு. கேட்கும்போது சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். செய்யும்போது மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, குழிக்கு ஒரே எண் கொடுத்துவிடுவது. தோண்டியது ஒரு செயல், நிரம்பியது வேறு செயல். இரண்டுக்கும் நடுவில் குழி பல வருஷம் திறந்தே கிடந்திருக்கலாம். ஆகவே வெட்டுக்கு ஓர் எண், நிரம்பிய மண்ணுக்கு இன்னோர் எண், நிரப்பு மூன்று வகை மண்ணாக இருந்தால் மூன்று எண். வெட்டு என்பதில் கையில் அள்ள மண் எதுவும் இல்லை, அதனால்தான் மறந்துபோகிறது. இரண்டாவது, தேவையில்லாத கோடு. 1 மேல், 2 நடு, 3 கீழ் என்றால் 1க்கும் 3க்கும் தனிக் கோடு வேண்டாம். விட்டுவைத்தால் முப்பது எண் வரும்போது படம் சிலந்திவலை ஆகிவிடும். மூன்றாவதுதான் மோசம்: சுவரின் இரு பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்கும் இரண்டு அடுக்குகளை ஒரே காலம் என்று எழுதுவது. ஒன்றையொன்று தொடாத அடுக்குகளுக்கு ஆழத்தை வைத்து உறவு சொல்லக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடில்லாமல் விட வேண்டும். பன்னிரண்டு எண்ணுள்ள படத்தை இரண்டு தடவையாவது தப்பாகப் போட்டு அடித்துத் திருத்தினால்தான் இது கைக்கு வரும். மூன்று வாரம் அதிகம் இல்லை, என்னைக் கேட்டால் கொஞ்சம் குறைவு.

அடுத்து “ஸ்லைடில் இல்லாததைக் கேட்கிறார்”. இது இரண்டு அர்த்தமுள்ள புகார், அப்படியே நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. வகுப்பில் ஒருமுறைகூடப் பேசாத ஊரின் அகழாய்வு ஆண்டைக் கேட்டிருந்தால் அது மோசமான கேள்வித்தாள். வகுப்பில் பார்த்த முறையைப் புதிய படத்தின் மேல் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதுதான் சரியான கேள்வித்தாள். கார்பன் காலக்கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பொருளில் உள்ள கார்பன்-14 பாதியாகக் குறைய ஆகும் காலம், அதாவது அரையாயுள், 5,730 ஆண்டு, ஆகவே 17,190 ஆண்டில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும், சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். இவை ஸ்லைடில் இருக்கும், மனப்பாடம் ஆகும். கேள்வி இப்படி வருகிறது: ஒரே அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டும் கருகிய தானியமும் சோதனைக்குப் போயின, கரி தானியத்தைவிட 200 ஆண்டு பழையதாக வந்தது, எதை நம்புவீர்கள்? ஆய்வகத் தவறு என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. மரம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் நடுவயிரம் கார்பன் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடுகிறது. இருநூறு வருஷ மரத்தை இன்று வெட்டி எரித்தாலும் அதன் நடுத்துண்டு இருநூறு வருஷப் பழசாகத்தான் காட்டும். பழைய உத்தரத்தை விறகாக்கியிருந்தாலும் இதே கதி. தானியம் ஒரே பருவத்தில் விளைந்தது, அதனால் அடுப்பின் காலத்துக்கு அதுதான் நெருக்கம். 5,730ஐ மட்டும் படித்தவருக்கு இது ஸ்லைடில் இல்லாத கேள்விதான். உயிரில்லாத கல் கருவியைக்கூட நேரடியாகக் கார்பன் முறையில் கணிக்கலாம் என்று எழுதுகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே புகார் சொன்னவரிடம் ஒரு கேள்வியை நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். எந்த வகை என்று உடனே தெரிந்துவிடும்.

படத்துக்கு நாலு மார்க் வாங்கியவர் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. “அழகாக” என்ற சொல்லே சிக்கலைக் காட்டுகிறது. பானை ஓட்டை வரைவது சித்திரம் இல்லை, அளவு. விளிம்புத் துண்டை மேசைமேல் கவிழ்த்து, விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே வெளிச்சம் தெரியாதபடி சாய்வைச் சரிசெய்ய வேண்டும். பிறகு அரைவட்டங்கள் போட்ட அட்டையில் நகர்த்தி எந்த வளைவோடு ஒட்டுகிறது என்று பார்த்தால் பானை வாயின் விட்டம் கிடைக்கும். முழு விளிம்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துண்டில் இந்த அளவை நம்ப முடியாது, அதையும் எழுதிவைக்க வேண்டும். சாய்வைத் தப்பாகப் பிடித்தால் கிண்ணம் தட்டாகிவிடும். நிழல் தீட்டி எவ்வளவு மெருகேற்றினாலும் இது சரியாகாது. வெட்டுமுகப் படத்தை 1:10இலும், மேலிருந்து பார்க்கிற தரைப்படத்தை 1:20இலும் வரைவது பல இடங்களில் வழக்கம். 1:20இல் ஒரு மீட்டர் தாளில் 5 செ.மீ. அளவுகோல் போடாமல் விட்டால் அந்தப் படத்தை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. ஆறு மார்க் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. காரணம் எழுதாததுதான் ஆச்சரியம். அளவுகோல் இல்லை, சாய்வு தவறு என்று நாலு சொல் எழுதியிருந்தால் அடுத்த படத்தை அந்த மாணவர் சரியாக வரைந்திருப்பார். உங்களுக்கு வந்த ஆறில் இந்த ஒன்றைத்தான் நான் முழுக் குறையாக எடுத்துக்கொள்வேன்.

கதை நன்றாகச் சொல்கிறார் என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று பெயர் வைத்து மேடையேற்றினார்கள். முன்னுக்குப் பின் முரணான, உள்ளீடற்ற உரையை அவர் நகைச்சுவையோடு சரளமாகப் பேசினார். கேட்ட மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் நல்ல மதிப்பீடே கொடுத்தார்கள். இதன் மறுபக்கம் 2019இல் வெளிவந்த ஹார்வர்ட் இயற்பியல் வகுப்பு ஆய்வு. தாங்களே கணக்குப் போட்டுப் பழகிய மாணவர்கள் தேர்வில் கூடுதலாக வாங்கினார்கள், ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். வகுப்பில் திணறுவதை மாணவர் மனம் ‘புரியவில்லை’ என்று பதிவுசெய்துகொள்கிறது. கதையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எகிப்திய மன்னர் துட்டன்காமுன் கல்லறைக் கதை 1922 நவம்பரில் அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் மெழுகுவர்த்தியை உள்ளே நீட்டிப் பார்த்ததோடு முடிந்தால் அது பொழுதுபோக்கு. உள்ளே இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை எண் போட்டு, கிடந்த இடத்திலேயே படமெடுத்து, உதிராமல் பதப்படுத்தி வெளியே கொண்டுவர 1932வரை ஆனது என்பதும் கதையில் வந்தால் அது பாடம்.

அட்டென்டன்ஸ் புகாரை விட்டுவிடலாம். மண்ணை நீரில் கலக்கி, மிதந்து வரும் கருகிய விதைகளைக் கால் மில்லிமீட்டர் வலையில் பிடித்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்தும் வகுப்பைத் தவறவிட்டால் யாரும் உங்களுக்காக மறுபடி வாளியை எடுத்துவைக்க மாட்டார்கள். சுலபம் என்று வந்து ஏமாந்தவருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கருத்துக் கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். வலியச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தில் இருப்பார்கள், இல்லையென்றால் பரவசத்தில். நடுவில் இருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம் ‘எப்படி’ என்று கேட்காமல் ‘எப்போது, எத்தனை’ என்று கேளுங்கள். இதற்குக் காரணம் உண்டு. 2015இல் அச்சான ஓர் ஆய்வில், இணையவழி வகுப்பு நடத்திய ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சில பிரிவுகளில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். தாள்கள் எல்லாப் பிரிவுக்கும் ஒரே வேகத்தில்தான் திருத்தித் தரப்பட்டன. ஆனாலும் ஆண் என்று மாணவர்கள் நம்பியவருக்குத்தான் ‘தாமதமின்றித் தருகிறார்’ என்பதில் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. ஆகவே ‘சீக்கிரம் தந்தார்’ என்பதை ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘நாலாவது வாரம் கொடுத்ததை ஏழாவது வாரம் தந்தார்’ என்றால் குறித்துக்கொள்ளுங்கள். படங்களைத் திருத்தியது பேராசிரியரா, உதவியாளரா என்றும் கேளுங்கள். உதவியாளர் என்றால் அடுத்த பருவத்தில் ஆள் மாறியிருக்கலாம்.

சிலபஸில் இரண்டு இடம் போதும். வாரத் தலைப்புகள் எகிப்து, மெசபடோமியா, சிந்து, மாயா என்று போனால் அது நாகரிகங்களின் வரலாறு. மண்ணடுக்கு, காலக்கணிப்பு, ஓடு, எலும்பு, தாவர எச்சம் என்று போனால் அது முறை. உங்கள் ஆளுடையது இரண்டாவது வகை என்று அந்த மண் புகாரே சொல்லிவிட்டது. அடுத்தது மதிப்பெண் பங்கீடு. பாடத்தை விட்டு விலகக் கடைசி நாளுக்கு முன்னால் ஏதாவது ஒரு தாள் திருத்தப்பட்டு உங்கள் கைக்கு வருமா என்று பாருங்கள். வராது என்றால், சராசரியைப் பற்றிக் கவலைப்படுகிற உங்களுக்கு இந்தப் பருவம் ஆபத்துதான்.

வரும் என்றால் சேருங்கள். முதல் வாரமே அவரிடம் போய், முன்பு முழு மதிப்பெண் வாங்கிய படம் ஒன்றைக் காட்ட முடியுமா, எதெதற்கு எவ்வளவு மார்க் என்று கேளுங்கள். காரணம் எழுதாதவர்கள்கூட நேரில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மில்லிமீட்டர் தாளும் கூரான 4எச் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். தாள் கைக்கு வந்ததும் அளவுகோல், எண், தேதி, தரைப்படமானால் வடதிசை, வெட்டுமுகமானால் அது எந்தத் திசையைப் பார்க்கும் முகம் என்பது, இவ்வளவையும் மூலையில் எழுதிவிட்டு அப்புறம் முதல் கோட்டை இழுங்கள்.