எக்ஸாம்ப்பில் அப்பாச்சி ஓடாமல் நின்றுவிடுவது ஏன்?

விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் (சொந்தக் கணினியிலேயே வலைத்தளத்தை ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள் தொகுப்பு) நிறுவி ஸ்டார்ட் அழுத்தியதும் அதிலுள்ள வலைச் சேவையகமான அப்பாச்சி நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அப்பாச்சிக்கு வேண்டிய 80-ஆம் போர்ட்டை (பிணைய இணைப்புக்கான வாசல் எண்) வேறொரு நிரல் பிடித்திருப்பதுதான் காரணம். எக்ஸாம்ப்பை அழித்து மறுபடி நிறுவாதீர்கள், அதனால் பயனில்லை.

எக்ஸாம்ப் கன்ட்ரோல் பேனலின் வலப்பக்கம் உள்ள நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்துங்கள். 80-க்கு நேரே நிரலின் பெயர் இருக்கும். சிஸ்டம், பிஐடி (ஓடும் நிரலின் அடையாள எண்) 4 என்று இருந்தால் முதலில் விண்டோஸின் சொந்த வலைச் சேவையகமான ஐஐஎஸ் மீது சந்தேகப்படுங்கள். சர்வீசஸில் 'வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' ஓடினால் நிறுத்திவிடலாம்.

அது தேவையென்றால் அப்பாச்சியின் போர்ட்டை மாற்றுங்கள். என் பரிந்துரையும் இதுதான். அப்பாச்சி வரிசையில் கான்ஃபிக் அழுத்தி, பட்டியலின் முதல் கோப்பைத் திறந்து, 'லிசன் 80' என்பதை 8080 ஆக்குங்கள். அதற்கு மேலே # குறியுடன் அதேபோல ஒரு வரி இருக்கும். அது வெறும் குறிப்பு, அதை மாற்றினால் ஒன்றும் நடக்காது. 'சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட்:80' வரியிலும் 8080 போட்டுச் சேமித்து, அப்பாச்சியைத் திரும்ப ஓடவிடுங்கள்.

இனி உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்றே தட்ட வேண்டும். பிஎச்பி (வலைத்தள நிரல்மொழி) கோப்புகளை எக்ஸாம்ப்பின் ஹெச்டிடாக்ஸ் கோப்புறையில் வையுங்கள். இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பிஎச்பி இயங்காது.

பாதுகாப்பான (https) இணைப்புக்கான 443-ஆம் போர்ட்டும் சிக்கினால், அதே கான்ஃபிக் பட்டியலில் உள்ள எஸ்எஸ்எல் கோப்பிலும் இதேபோல எண்ணை மாற்றும் வேலைதான்.