அன்ரியிடம் கேளுங்கள்: பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எந்த நாய்க்குட்டி?

கேள்வி: அன்ரி, நாங்கள் வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி பிளட் ஒன்றில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, சின்னவனுக்கு நாலரை. ஒரு வருஷமாக நாய்க்குட்டி நாய்க்குட்டி என்று இரண்டும் உயிரை வாங்கி, இப்போது அவரும் சரி என்றுவிட்டார். பிள்ளைகளைக் கடிக்காத, குணமான, அமைதியான குட்டியாக வேண்டும். போன ஞாயிறு தெரிந்தவர் ஒருவர் வீட்டில் 5 குட்டிகளைப் பார்த்தோம். லப்ரடோர் கலப்பாம், 6 கிழமையாம். நாலு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருக்க, ஒன்று மட்டும் கதிரைக்குக் கீழே மூலையில் பாவமாகப் படுத்திருந்தது. மகளுக்கு அதுதான் வேண்டுமாம். எனக்கும் அதைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. முற்பணம் கொடுத்துவிடவா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: கொடுத்துவிடாதீங்கோ பிள்ளை, இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் கண்டது அமைதியா, பயமா, வருத்தமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலத்தில் யாராலும் சொல்ல முடியாது. தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வயிறு முட்டப் பால் குடித்த குட்டியும் அப்படித்தான் கிடக்கும், வயிறு முழுக்கப் புழு உள்ள குட்டியும் அப்படித்தான் கிடக்கும், ஆட்களைக் கண்டு நடுங்குகிற குட்டியும் அப்படித்தான். முதலாவதை எடுத்தால் கவலையில்லை, இரண்டாவது வைத்தியச் செலவு, மூன்றாவதுதான் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகவே ஆகாதது, ஏனென்றால் வீட்டு நாய் பிள்ளையைக் கடிக்கிறதென்றால் அநேகமாக அது பயந்து போய், ஒதுங்க வேறு வழி இல்லாமல் கடிக்கிற கடி.

பட்டுத்தான் சொல்கிறேன். தெஹிவளையில் இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு மூலைக் குட்டியைப் பாவம் பார்த்துத் தூக்கி வந்தேன். இப்படி ஒரு அடக்கமான குட்டியா என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். குக்கர் விசில் அடித்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போகும், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டு அலுமாரிக்குக் கீழே போனது, அடுத்த நாள் மத்தியானமாகியும் வரவில்லை. என் தங்கச்சியின் பெடியன், அப்போது 5 வயது, இரக்கப்பட்டுக் கையை உள்ளே விட்டு இழுத்திருக்கிறான். புறங்கையில் இரண்டு பல் தடம். குழாயடியில் பிடித்து வைத்துச் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவி (சொந்த நாயானாலும், வெறும் கீறலானாலும் இதுதான் முதல் வேலை, பிறகு உடனே ஆஸ்பத்திரி), ஓட்டோ பிடித்து ஓடி, ஊசி போட்டு, தங்கச்சி என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. நாயில் பிழையில்லை, தெரிவு செய்த என்னில்தான் பிழை. அவனுக்கு இப்போது கல்யாணமும் ஆகிவிட்டது, இன்றைக்கும் அலுமாரிக்குக் கீழே எது உருண்டு போனாலும் தும்புத்தடியால்தான் எடுப்பான்.

சரி, எப்படிப் பார்ப்பது? குட்டியைப் பார்க்கமுன் தாயைப் பாருங்கள். நீங்கள் உள்ளே போகும்போது அது குரைக்கட்டும், அது அதன் வேலை. வீட்டுக்காரர் சும்மா இரு என்றதும் அடங்கி, கொஞ்ச நேரத்தில் உங்கள் காலை மணந்துவிட்டு வாலாட்டினால் பாதி வேலை முடிந்தது. தாயைக் கட்டிப்போட்டுவிட்டு, கிட்டப் போகாதீர்கள் கடிக்கும் என்கிற வீடாக இருந்தால் குட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், பயந்த சுபாவம் பிறப்பிலும் வரும், தாயைப் பார்த்தும் பழகும். தாய் இங்கே இல்லை, ஊரில் நிற்கிறது என்று சாட்டுச் சொல்கிறவர்களிடமும், பேஸ்புக்கில் படத்தைப் போட்டு ஓட்டோவில் கொண்டுவந்து தருகிறோம் என்கிறவர்களிடமும் நான் வாங்கவே மாட்டேன்.

உங்கள் ஆட்கள் தெரிந்தவர்கள்தானே, அதனால் இன்னும் இரண்டு தடவை போகலாம். ஒரு தடவை பிள்ளைகள் இல்லாமல், குட்டிகளுக்குச் சாப்பாடு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் போங்கள். சாப்பிட்டபின் போனால் எல்லாக் குட்டியும் புத்தர்தான். உங்கள் மூலைக் குட்டி தட்டுச் சத்தம் கேட்டதும் எழும்பி ஓடிவந்து மற்றதுகளை இடித்துக்கொண்டு தின்றால், அன்றைக்கு அதற்கு நித்திரை, அவ்வளவுதான், அதைப் பட்டியலில் வைத்திருங்கள். அப்போதும் எழும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், மகளிடம் என்ன சொல்வது என்று பிறகு யோசிக்கலாம்.

அப்புறம் உங்கள் வீட்டுத் திறப்புக் கொத்தை, குட்டிகளுக்கு ஐந்தாறு அடி தள்ளி, கை தவறின மாதிரித் தரையில் விழ விடுங்கள். எல்லாம் திடுக்கிடும். திடுக்கிடாத குட்டிக்குக் காது கேட்கிறதா என்றுதான் யோசிக்க வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கடுத்த பத்து நொடியை. ஒன்று பாய்ந்து வந்து திறப்பைக் கவ்விக்கொண்டு ஓடும், அது கெட்டிக்காரக் குட்டி, ஆனால் நாய் வளர்த்துப் பழகினவர்களுக்கு. இன்னொன்று ஓடி ஒளிந்தால் ஒளிந்ததுதான். இன்னுமொன்று இரண்டடி பின்னுக்குப் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, கழுத்தை நீட்டி மெல்ல மெல்ல வந்து மணந்துவிட்டு, அட இவ்வளவுதானா என்ற மாதிரித் திரும்பிப் போய் விளையாடும். அதைத்தான் நான் அமைதியான குட்டி என்பேன். பயம் வராத குட்டி என்று ஒன்று கிடையாது, பயம் சீக்கிரம் தெளிகிற குட்டி உண்டு.

அந்தக் குட்டியை எடுத்து, கைக்குழந்தையை ஏந்துவது போல மல்லாக்காக அரை நிமிஷம் வைத்திருங்கள். முதலில் நெளியும், நெளியட்டும். பிறகு உடம்பைத் தளர்த்தி உங்கள் முகத்தைப் பார்த்தால் நல்லது. மரக்கட்டை மாதிரி விறைத்துக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால், அதை அமைதி என்று நினைத்து ஏமாந்து போகாதீர்கள். பிடித்திருக்கிற சாட்டில் கால் விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா, முரசு ரோஸ் நிறமாக இருக்கிறதா, காது மணக்கிறதா, வயிறு பலூன் போல ஊதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பாதத்தையும் காதையும் தொட விடுகிற குட்டி உங்கள் சின்னவனுக்குத் தோதான குட்டி, ஏனென்றால் அவன் எப்படியும் தொடத்தான் போகிறான்.

ஆனால் ஒன்று. இந்தச் சோதனை எதுவும் சாதகக் குறிப்பு இல்லை. 7 கிழமையில் பார்த்ததை வைத்து 2 வயதில் நாய் எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படி வளர்ந்த நாய்களைத் தொடர்ந்து பார்த்து ஆராய்ந்தவர்களே பொருத்தம் குறைவு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் நிற்கிற குட்டிகளை விலக்க இது உதவும், மிச்சம் நீங்கள் வளர்க்கிற வளர்ப்பு.

8 கிழமை முடியும்வரை தாயிடமே விடுங்கள். தம்பி தங்கையைக் கடித்து அது கத்தினால், நாம் கடிக்கிற கடி நோகும் என்று குட்டி படிப்பது அங்கேதான். முந்திக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை உங்கள் சின்னவனின் காலில் படிக்கும். வந்தபின் 14 கிழமை வரைக்கும் மூளை திறந்திருக்கிற காலம், அப்போது கேட்டதும் கண்டதும்தான் பிறகு அதற்குச் சாதாரணமாகத் தெரியும். வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு இதற்குப் பஞ்சமே இல்லை. பின்னேரம் கையில் தூக்கிக்கொண்டு மரீன் டிரைவ் பக்கம் போய், முதல் நாள் தூரத்தில் நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போய், கடற்கரை ரயிலைக் காட்டுங்கள். ஹோர்ன், காலி வீதி பஸ், மழைக்கு விரித்த குடை, தலைக்கவசம் போட்ட ஆள், எல்லாம் காட்டுங்கள். (சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக்கு மட்டும் எங்கள் தெருவில் எந்த நாயும் ஊளையிடாமல் இருந்ததில்லை, அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.) ஆனால் ஊசிகள் முடியும்வரை ரோட்டில் இறக்கி விடாதீர்கள், பார்வோ என்கிற வைரஸ் வயிற்றோட்டம் பிடித்தால் இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடவும் கூடும். ஊசிகள் 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாக, 16 கிழமை வரை போகும். விசர்நாய்த் தடுப்பூசியை எப்போது போடுவது என்று உங்கள் மிருக வைத்தியர் சொல்வார், அதில் மட்டும் பிந்த வேண்டாம்.

லப்ரடோர் கலப்பு என்றால் குணம் நல்ல குணம்தான், ஆனால் வளர்ந்தால் 25, 30 கிலோ வரலாம், முதல் இரண்டு வருஷம் வாலாலேயே மேசையில் உள்ள தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடும். காலை 6 மணிக்கு மாடியால் இறக்கிக்கொண்டு போகப் போவது யார்? மகள் என்று சொல்லாதீர்கள். அவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், பிளட் நிர்வாகத்திடமும் நாய் வைத்திருக்கலாமா என்று கேட்டு வையுங்கள், முற்பணம் கொடுத்தபின் கேட்டுப் பிரயோசனமில்லை.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியது போலத் தாயைப் பார்த்து, நல்ல சாதுவான குட்டி என்றுதான் எடுத்தோம். வந்து மூன்று கிழமை, இப்போது 11 கிழமை. பின்னேரம் 6 மணியானால் பேய் பிடித்தது போல ஓடி ஓடிப் பிள்ளைகளின் காலைக் கடிக்கிறது, சட்டையைப் பிடித்துத் தொங்குகிறது. ஏமாந்துவிட்டோமா?
(வாசகர், வத்தளை)

பதில்: இல்லை. உங்கள் குட்டிக்கு நித்திரை வந்துவிட்டது.

இந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்கு 18 மணித்தியாலமாவது தூங்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்த நேரம் முதல் அதைத் தூங்க விட்டிருக்க மாட்டார்கள், நித்திரை குழம்பின கைக்குழந்தை என்ன செய்யுமோ அதைத்தான் அது செய்கிறது, ஒரே வித்தியாசம் இதற்குப் பல் இருக்கிறது. மத்தியானத்திலும் பின்னேரத்திலும் ஒரு மூலையில் தடுப்பு வைத்துப் படுக்கப் போடுங்கள், அந்தத் தடுப்புக்குள் பிள்ளைகள் போகவே கூடாது. பால் பல் விழுந்து புதுப்பல் முளைப்பது 4 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில், அதுவரை ஏதாவது கடித்துக்கொண்டுதான் இருக்கும், பழைய துவாயை நனைத்து முடிச்சுப்போட்டு பிரிட்ஜில் குளிர வைத்துக் கொடுத்தால் உங்கள் சாரம் தப்பும்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுங்கள். குட்டி காலைப் பிடித்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு தென்னைமரம் மாதிரி நிற்க வேண்டும், யார் கூட நேரம் அசையாமல் நிற்கிறார்களோ அவருக்குப் பரிசு. ஓடுகிற கால்தான் அதற்கு விளையாட்டுச் சாமான், நின்றுவிட்டால் அலுத்துப்போய் விட்டுவிடும். அடிக்காதீர்கள், கடதாசியைச் சுருட்டி அடிக்கிறதும் அடிதான். கை என்றால் அடி என்று படித்த நாய், பிறகு தடவ வருகிற பிள்ளையின் கையையும் அப்படித்தான் பார்க்கும்.

இதைக் கேட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நித்திரை இல்லாமலே நாய் கொட்டாவி விடுவது, சாப்பாடு எதுவும் இல்லாமல் உதட்டை நக்குவது, பிள்ளை கட்டிப்பிடிக்கும்போது முகத்தை அங்கால் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, இதெல்லாம் போதும் விடு என்று அது சொல்கிற பாஷை. பெரிய ஆள் ஒருவர் அறையில் இல்லாமல் சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விட வேண்டாம், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும்.

கேள்வி: குட்டி வேண்டாம், எங்கள் தெருவில் சுற்றுகிற இரண்டு வயது ஊர் நாயை வீட்டுக்குள் எடுப்போம் என்கிறார் மாமியார். அது பிள்ளைகளோடு நல்ல பழக்கம். ஆனால் வளர்ந்த நாய் பழகுமா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: மாமியார் சொல்வது சரி, இதை நீங்கள் அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

குட்டியில் நாம் ஊகிப்பதை எல்லாம் வளர்ந்த நாயில் கண்ணால் பார்க்கலாம். பள்ளிக்கூட வான் வந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கும்போது அது என்ன செய்கிறது, சைக்கிள் போனால் துரத்துகிறதா, சாப்பிடும்போது கிட்டப் போனால் உறுமுகிறதா, இரண்டு கிழமை பார்த்தால் போதும். பிறகு மிருக வைத்தியரிடம் காட்டி, விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, புழுவுக்கும் உண்ணிக்கும் மருந்து கொடுத்து, கருத்தடையும் செய்துவிடுங்கள். முதல் சில நாள் வீட்டுக்குள் மூச்சு முட்டுவது போல வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும், வெளியில் அடிக்கடி கூட்டிப்போங்கள். சோறும் கறியும் போடுவீர்கள், தெரியும், வெங்காயம் போட்ட கறி வேண்டாம், அவித்த கோழி எலும்பும் வேண்டாம்.

கேள்வி: பக் நாய் சோம்பேறி, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லது என்கிறார்களே?
(வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: குணம் தங்கம்தான். ஆனால் மூக்கு சப்பை, கொழும்பு வெக்கைக்கு மூச்சு வாங்கும், பாதிச் சோம்பல் அதனால்தான். ஏசி இல்லாத வீடென்றால் ஏப்ரல் மாதத்து மத்தியானம் ஒன்றை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.