அலுமினிய போட்ல பெயிண்ட் உரியுதா? மேல மேல அடிக்காதீங்க

கேள்வி: 14 அடி பழைய அலுமினிய போட். போன வருஷம் அடிச்ச பெயிண்ட் இப்ப ஏடு ஏடா உரியுது. மேல இன்னொரு கோட் அடிச்சா நின்னுரும்னு பெயிண்டர் சொல்றார். அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாங்க. உரியற பெயிண்ட் மேல அடிக்கிறது அதோட சேர்ந்தே உரியும். நகத்தால ஒரு ஏட்டைத் தூக்கிப் பாருங்க, கீழ பளபளன்னு தகடு தெரிஞ்சா பிரைமர், அதாவது பெயிண்ட்டுக்கு அடியில அடிக்கிற முதல் கோட், பிடிக்கவே இல்ல, வெள்ளை மாவு மாதிரி விரல்ல ஒட்டினா தகடு அரிக்க ஆரம்பிச்சாச்சு.

அலுமினியத்தைத் தேய்ச்சதும் காத்து பட்டு மேல ஒரு ஆக்சைடு படலம் வந்துரும், கண்ணுக்கே தெரியாது, அது ஏற ஏற பெயிண்ட்டுக்குப் பிடிமானம் போயிரும். அதனால பழசை முழுசா எடுத்துட்டு முதல்ல சோப்பு தண்ணி, அப்புறம் பிசுக்கு போக தின்னர் துணி, அதுக்கப்புறம்தான் 80ம் நம்பர் உப்புத்தாள், கடைசியா 120. வரிசை மாறினா பிசுக்கையே கீறலுக்குள்ள இறக்கிடுவீங்க. தண்ணி தெளிச்சா முத்து முத்தா நிக்கக்கூடாது, ஒரே படலமா பரவணும். நல்லா காயவிட்டு அன்னிக்கே பிரைமர் அடிச்சிடணும், தகட்டை லேசா அரிச்சுப் பிடிச்சுக்கற எட்ச் பிரைமர் இல்லைனா ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி பிரைமர், ஏதாவது ஒண்ணு போதும். இரும்பு ஒயர் பிரஷ் கிட்டயே வரக்கூடாது, துகள் பதிஞ்ச இடத்துல குழி விழும்.

எனக்கு வயிறு எரியறது இந்த பாசி பிடிக்காத பெயிண்ட் விஷயத்துலதான். செம்பு கலந்தது உப்புத்தண்ணில அலுமினியத்தைத் தொட்டா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு தகட்டைத் தின்னுரும். அப்படி வந்த ஒரு போட்ல ஸ்க்ரூடிரைவர் நுனியை லேசா அழுத்தினேன், உள்ள போயிருச்சு. டப்பா முன்னாடி பேரு இவ்வளவு பெரிசு, பின்னாடி குப்ரஸ் ஆக்சைடு, அதாவது அந்த செம்பு, எறும்பு சைஸ்ல! இதைக் கேக்க ஒரு ஆளு கிடையாது, விக்கிறவருக்கும் தெரியாது. வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே படிச்சுப் பாருங்க.

அடுத்து 'முழு பேக்கேஜ்'னு காசு வாங்கிட்டு ஒழுகுற ரிவெட் (தகடுகளை இணைக்கிற ஆணி) மேல பட்டி பார்த்து மறைக்கிறவங்க. பெயிண்ட்டுக்கு முன்னாடி போட்டுக்கு அடியில நல்லா முட்டுக் கொடுத்து உள்ள நாலு விரக்கடை தண்ணி ஊத்துங்க, வெளிய சொட்டுற ரிவெட்டை மார்க்கர்ல வட்டம் போடுங்க, பென்சில் வேண்டாம், அதுல இருக்கற கிராஃபைட்டும் அரிக்கும். அதை இறுக்கணும் இல்ல மாத்தணும், பட்டி நிக்காது.

பெயிண்ட்டே தேவைப்படாத போட்டும் உண்டு. நல்ல தண்ணில மட்டும் ஓடி, ஓடி முடிச்சதும் கரையேறிடுற போட்னா வெறும் தகடாவே விட்டுடலாம், அந்த ஆக்சைடு படலமே காவல். ஆனா நல்ல தண்ணின்னா நல்ல தண்ணி மட்டும்தான், ஆறு கடல்ல கலக்குற கழிமுகம் பக்கம் போனாலும் இது செல்லாது, உள்ள செம்பு மருந்து ஏத்தின பலகை போட்டிருந்தாலும் செல்லாது, ஈரம் நின்னா அந்த செம்பே கீழ இறங்கி அரிக்கும். உங்க போட் இப்படின்னா உரிச்சு, கழுவி, ரிவெட்டை மட்டும் பார்த்துட்டு தண்ணில இறக்குங்க, பெயிண்டருக்குக் கொடுக்கற காசு மிச்சம்.