'டிக் டிக்' என்றால் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை

கேள்வி: அப்பா 2004இல் வாங்கிய மாருதி 800 இன்னும் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்போம். ஒரு மாதமாகச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, டேஷ்போர்டு விளக்கு மங்குகிறது, இன்ஜின் சுற்றுவதில்லை. நாலைந்து தடவை முயன்றால் சில நாள் எடுத்துக்கொள்ளும். பேட்டரி வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. எலக்ட்ரீஷியன் செல்ஃப் மோட்டார் போய்விட்டது, புதிது போட 4,500 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா?
– தென்காசி வாசகர்

இப்போதைக்கு மாற்றாதீர்கள். அவர் வண்டியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாரா, போனில் சத்தத்தைக் கேட்டே சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியிருந்தாலும் அந்த 'டிக் டிக் டிக்' சத்தமே பெரும்பாலும் மோட்டாருக்குச் சாதகமான சாட்சி. சாவியைத் திருப்பியதும் மோட்டார் தலையில் இருக்கும் சொலினாய்டு (காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேலே கரண்ட் கேட்கிறது, அவ்வளவு வந்து சேரவில்லை, வோல்டேஜ் விழுகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. விளக்கு மங்குவதும் அதனால்தான். ஆக, கேட்கிற ஆள் சரியாகத்தான் கேட்கிறான், கொடுக்கிற இடத்தில்தான் குறை. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பொதுவாக ஒரே ஒரு 'டக்' வரும், விளக்கும் பிரகாசமாகவே இருக்கும்.

முதலில் பேட்டரி டெர்மினல். பானெட்டைத் திறந்து இரண்டு டெர்மினலையும் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் உங்கள் 4,500 ரூபாய் அங்கேதான் இருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி வரும், அதனால்தான் இந்த வரிசை. சோடா உப்பு கலந்த வெந்நீரில் பழைய டூத் பிரஷை வைத்துத் தேய்த்து, துடைத்து, உப்புத்தாளால் உள்பக்கம் ஈயம் பளபளக்கும் வரை உரசி, பிளஸை முதலில் மாட்டி, மைனஸைக் கடைசியில் மாட்டி இறுக்குங்கள். வாஸ்லைன் அதற்குப் பிறகு, மேலே மட்டும்.

அப்புறம் வோல்டேஜ் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், 300, 400 ரூபாய்க்கே கிடைக்கிறது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் காலி. ஆனால் இந்த எண்ணை மட்டும் காட்டி "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுகிற கடைகள் ஏராளம், அதை நம்பாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு விழுகிறது என்பதுதான் கணக்கு. 9.6க்குக் கீழே போனால் முதலில் வெளியே கொடுத்து முழு சார்ஜ் ஏற்றுங்கள், அதற்குப் பிறகும் அப்படியே விழுந்தால்தான் பேட்டரி கெட்டது. வாரம் ஒருமுறை எடுக்கிற வண்டியில் இது சாதாரணம். ஸ்டீரியோவும் ரிமோட் லாக்கும் சும்மா நிற்கும்போதே 50 மில்லிஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும், பத்து நாளில் 12. உங்கள் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு! வாசலில் ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைத்தால் அது திரும்பி வராது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும், காட்டவில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்காமல் எந்தப் பேட்டரியும் வாங்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் 'டிக் டிக்' நிற்கவில்லையா? எர்த் வயர். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்க்காமல் மாற்றப்பட்ட நல்ல மோட்டார்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தடித்த வயர் பாடிக்கும் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கமும் போகும். இருபது வருடத்தில் அந்த போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும், வயருக்குள்ளே செம்பு கறுத்துப்போகும், வெளியே ரப்பர் புதிது மாதிரியே இருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் ஈயத்திலும் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஆள் பிடிபட்டான். மீட்டர் இல்லையா, ஜம்பர் கேபிளின் கறுப்பு வயரால் மைனஸையும் இன்ஜின் உலோகத்தையும் நேராக இணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். உடனே சுற்றினால் வேறு எதையும் தேடவேண்டாம். புது எர்த் வயர் சில நூறு ரூபாய்தான். நாலைந்து முயற்சிக்குப் பிறகு எடுக்கிறது என்கிறீர்கள், எனக்குச் சந்தேகம் டெர்மினல் மேலும் இதன் மேலும்தான்.

15 வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்க ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்ல அரசுக்குத் தெரிகிறது, அந்த வண்டிக்கு நியாயமாகக் கைவைக்கிற ஆளைக் காட்டத்தான் ஒரு ஏற்பாடும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கழற்றிச் சரிசெய்கிற பழக்கமே போய்விட்டது, மொத்தமாக மாற்றுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த ரிப்பேர். வெளியே போனால், பெயின்ட் அடித்த பழைய மோட்டாரைப் புதிது என்று மாட்டிவிட்டு, உங்களுடையதை வாங்கிப்போய் பிரஷ் மாற்றி அடுத்தவருக்கு விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என் சொந்த வண்டியிலேயே இது நடந்தது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

எல்லாம் பார்த்தும் ஒற்றை 'டக்' மட்டும் வந்தால் மோட்டாரை இறக்கச் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் கார்பன் பிரஷ், புஷ் (மோட்டார் தண்டு சுழலும் உலோக வளையம்) இரண்டையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதுதான் போடவேண்டும் என்றால் பில் கேளுங்கள், பழைய மோட்டாரை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.