‘ரிலே அக்சஸ் டினைட்’ என்று வந்தால் எங்கே தேடத் தொடங்குவது?

கேள்வி: அஞ்சலைக் கையாளும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் அலுவலக சர்வரிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகவில்லை. ‘ரிலே அக்சஸ் டினைட்’ (இந்த அஞ்சலைக் கைமாற்றிவிட மாட்டேன்) என்கிறது. எங்கிருந்து தேடுவது? இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டால் உதவுவார்களா?

உதவுவார்கள். எனக்கு உதவியிருக்கிறார்கள். ஆனால் யாரிடமும் கேட்பதற்கு முன் சர்வரின் பதிவேடான லாக் கோப்பைத் திறந்து, அந்த மறுப்பைச் சொன்னது யார் என்று பாருங்கள். உங்கள் சர்வரா, எதிர்முனையில் இருக்கும் சர்வரா? இதைப் பார்க்கத் தெரியாமல் ஒன்றரை நாளை இழந்தவன் நான்.

கரூரில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பில் போடும் மென்பொருள் ஒரு கணினியில் இருக்கிறது. அது இன்வாய்ஸ்களை அலுவலகத்திலேயே இருக்கும் டெபியன் லினக்ஸ் சர்வருக்குக் கொடுக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை வெளியே அனுப்பும். பல ஆண்டுகள் தொல்லை இல்லாமல் ஓடியது. பிராட்பேண்ட் இணைப்பை மாற்றினோம், புது ரவுட்டர் வந்தது, மறுநாள் காலையிலிருந்து ஓர் இன்வாய்ஸும் போகவில்லை. கப்பலில் சரக்கு ஏறிவிட்டது. வாங்குபவருக்குக் காகிதம் போய்ச் சேரவில்லை. முதலாளி திட்டவில்லை. அரை மணிக்கு ஒருமுறை வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனார். அது திட்டுவதைவிடக் கடினமாக இருந்தது.

தேடியபோது பல இடங்களில் ஒரே வைத்தியம் கிடைத்தது: எந்த முகவரிகளை நம்பலாம் என்று சொல்லும் ‘மைநெட்வொர்க்ஸ்’ அமைப்பில் 0.0.0.0/0 என்று போடுங்கள், சரியாகிவிடும். தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். உலகத்தில் யார் வந்து தட்டினாலும் அவர்கள் அஞ்சலைச் சுமந்து போகிறேன் என்று சர்வர் ஒப்புக்கொள்வதுதான் அதன் பொருள். 1982இல், அஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி நெறிமுறை எழுதப்பட்ட காலத்தில், வழிப்போக்கருக்குத் திண்ணை விட்டதுபோல, பிறர் அஞ்சலைக் கைமாற்றிவிடுவது சர்வர்களுக்கு இயல்பான பழக்கமாக இருந்தது. தொண்ணூறுகளில் குப்பை அஞ்சல் அனுப்புபவர்கள் அந்தத் திண்ணையை நிரப்பிவிட்டார்கள். 1998இல் வந்த, சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளின் 8.9 பதிப்பு ரிலேவை இயல்பாகவே மூடி வைத்தது. போஸ்ட்ஃபிக்ஸும் 2013இல், 2.10 பதிப்பில், ரிலேவுக்கென்று தனிக் கட்டுப்பாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்தது. குப்பை அஞ்சலைத் தடுக்க எழுதும் விதியில் கை தவறினாலும் ரிலே திறந்துவிடக் கூடாது என்பதற்காக. அத்தனை பேர் பாடுபட்டு மூடிய கதவை நாம் ஒரு வரியில் திறந்துவிடக் கூடாது.

மாலையில் இணைய அரட்டை வலையமைப்பான லிபெரா சாட்டில் உள்ள போஸ்ட்ஃபிக்ஸ் அரட்டை அறைக்குப் போனேன். லாக்கிலிருந்து இரண்டு வரிகளை எடுத்து, பெயர்களையும் முகவரிகளையும் மாற்றிவிட்டு ஒட்டினேன். ஒருவர் பதில் சொன்னார். எந்த நாட்டுக்காரர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருத்திய லாக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மாற்றியதில்தான் பிழையே இருக்கலாம் என்றார். வாடிக்கையாளர் முகவரிகளை வெளியே காட்ட முடியாது என்று நான் தயங்கியபோது, அவர் சொன்ன வழி மிக எளிமையானது: உங்கள் சொந்த முகவரிக்கு ஒரு சோதனை அஞ்சல் அனுப்புங்கள், அந்த ஓர் அஞ்சலின் லாக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கொடுங்கள். கூடவே, அமைப்புக் கோப்பில் உள்ளதைப் பட்டியலிடும் ‘போஸ்ட்கான்ஃப் -என்’ கட்டளை காட்டுவதையும் முழுதாகக் கேட்டார். கடவுச்சொல்லைத் தவிர எதையும் மறைக்க வேண்டாம் என்றார்.

கொடுத்தேன். வரிகளின் தொடக்கத்தைப் படியுங்கள் என்றார். சில வரிகளில் ‘போஸ்ட்ஃபிக்ஸ்/எஸ்எம்டிபிடி’ என்று இருந்தது. சிலவற்றில் ‘போஸ்ட்ஃபிக்ஸ்/எஸ்எம்டிபி’ என்று மட்டும் இருந்தது. கடைசி ‘டி’ ஒன்றுதான் வித்தியாசம். நூறு முறை பார்த்தும் என் கண்ணில் படாத எழுத்து. ‘டி’ உள்ளது அஞ்சலை வாங்கும் வாசல். ‘டி’ இல்லாதது அஞ்சலை வெளியே கொண்டுபோகும் ஆள். அமைப்புகளின் பெயர்களும் அப்படியே பிரிகின்றன. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்து, வாசலின் பூட்டைச் சரிசெய்ய வெளியே போகும் ஆளின் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பிரித்துப் படித்ததும், எங்களிடம் இருந்தது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று தெரிந்தது. பில் கணினியிலிருந்து வந்த அஞ்சலை மறுத்தது எங்கள் வாசலேதான்: ‘454 4.7.1 ரிலே அக்சஸ் டினைட்’. புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் முகவரி கொடுக்கிறது. மைநெட்வொர்க்ஸில் இருந்ததோ பழைய 192.168.1 வரிசை. சொந்த அலுவலகக் கணினியே சர்வருக்கு அந்நியமாகிவிட்டது. சர்வரே தயாரிக்கும் தினசரி அறிக்கைகளின் கதை வேறு. அவை உள்ளே வந்துவிட்டன, வெளியே போக முடியாமல் வரிசையில் தேங்கி நின்றன: சர்வர்கள் தமக்குள் அஞ்சல் பரிமாறும் 25ஆம் போர்ட்டில் ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’. புது இணைப்பில் வெளியே போகும் 25ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருந்தது. குப்பை அஞ்சலைத் தடுக்கப் பல நிறுவனங்கள் இப்படிச் செய்வதுண்டு.

முதல் கோளாறு ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. முழு வரிசையையும் அனுமதிக்காமல் பில் கணினியின் முகவரியை மட்டும் /32 போட்டுச் சேர்க்கச் சொன்னார். அந்தக் கணினிக்கு முகவரி மாறாதபடி ரவுட்டரிலும் கட்டிவைத்தேன். உங்கள் மென்பொருளுக்குக் கடவுச்சொல் கொடுத்து அனுப்பத் தெரியுமென்றால் 587ஆம் போர்ட்டில் அப்படிச் செய்வதே மேல். எங்களுடையது பழையது, அதற்குத் தெரியாது.

இரண்டாவதற்கு, கட்டணம் வாங்கும் ஓர் அஞ்சல் சேவையின் வழியாக 587இல் அனுப்ப ‘ரிலேஹோஸ்ட்’ அமைத்தேன். உடனே மறுபடியும் ‘ரிலே அக்சஸ் டினைட்’! மனம் விட்டுப்போயிற்று. ஆனால் இந்த முறை வரியைப் படிக்கத் தெரிந்திருந்தது. ‘டி’ இல்லை. எதிர்முனைச் சர்வரின் பெயருக்குப் பின் ‘செட்’ (சொன்னது) என்ற சொல், அதன் பின் 554 என்ற மறுப்பு எண். அதே வாசகம், சொல்லும் வாய் வேறு. நாங்கள் யார் என்று அடையாளம் காட்டாமலே போய் நின்றிருக்கிறோம். காரணம், ரிலேஹோஸ்டில் பெயரைச் சதுர அடைப்புக்குள் வைத்து :587 சேர்த்திருந்தேன். கடவுச்சொல் கோப்பில் வெறும் பெயரை எழுதியிருந்தேன். இரண்டு இடத்திலும் அடைப்பு, போர்ட் எண் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லைத் தேடிக் கிடைக்காமல் அப்படியே போய்விடும், எச்சரிக்கைகூடச் செய்யாது. திருத்திவிட்டு அந்தக் கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் ‘போஸ்ட்மேப்’ கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். டெபியனில் ‘நோ வொர்தி மெக்ஸ் ஃபவுண்ட்’ (அடையாளம் காட்டும் முறை கிடைக்கவில்லை) என்று வந்தால் ‘லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ்’ பொதியை நிறுவுங்கள்.

‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்ற வரி வந்தபோது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. நன்றி சொல்லிக் கிளம்பப் போனவனை அவர் விடவில்லை. இன்னொரு கணினியிலிருந்து சர்வரோடு கையால் தட்டிப் பேச உதவும் டெல்நெட்டில் நுழைந்து வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள், மறுக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள் என்றார். கணக்குப் பிரிவுக் கணினியில் உட்கார்ந்து, அனுப்புநர், பெறுநர் என்று வரி வரியாகத் தட்டினேன். 454 4.7.1, ரிலே அக்சஸ் டினைட். இரண்டு நாளாக நான் வெறுத்த அதே வரியை அப்படியே எடுத்து அவருக்கு ஒட்டினேன். “நல்லது, இப்போது தூங்கப் போங்கள்” என்று எழுதினார்.